பட்டமும் ஆற்றுப்படையும்



எங்கள் இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்று முடிந்து, நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த வேளை. அன்றுதான் முதன்முறையாக வந்திருந்த இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி எங்களருகே வந்தார். பொறியியல் படித்து முடித்து ஓராண்டு ஆகிறது என்றார். பிறகு, "ஐயா, உங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஏதேனும் வேலை இருந்தால் சொல்வீர்களா?" என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் அவர் முகம் கவிழ்ந்தது. எங்களுக்கும் சங்கடமாயிற்று. எங்களுள் மூத்தவர் ஒருவர், "திறமை இருந்தால் வேலை தானே தேடி வரும் தம்பி. சிபாரிசை மட்டும் நம்பாதே" என்று அறிவுரை கூறினார். நாங்கள் எல்லோரும் ஆமோதித்தோம். அவரும் தலையசைத்துவிட்டு விடைபெற்றார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

மூன்று மாதங்கள் கழிந்தன. எங்களுள் ஒருவர், தம் அலுவலகத்தில் கட்டடப் பொறியாளர் இருவரைப் புதிதாக எடுத்திருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். விளம்பரம் எதுவும் கொடுக்கவில்லையாம். உள்ளே பணிபுரிவோரிடம், "உங்களுக்குத் தெரிந்த நல்ல பிள்ளைகள் இருந்தால் வரச் சொல்லுங்கள்" என்றார்களாம். ஒரே வாரத்தில் இடம் நிரம்பிவிட்டதாம். எப்போது என்று கேட்டோம். அந்த இளைஞர் வந்துபோன அதே மாதம். வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். அவர் தம் பெயருக்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலேயே, 'பி.இ. சிவில்' என்று எழுதிக் கைப்பேசி எண்ணையும் குறித்துவைத்திருந்தார்.

அழைத்துப் பேசினோம். வெளியூரில் ஒரு கைப்பேசிக் கடையில் விற்பனையாளராக இருப்பதாகச் சொன்னார். எங்கள் நலத்தை விசாரித்தார். வேலை பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. சொல்வதற்கு எங்களிடமும் எதுவும் இல்லை.

அன்றிலிருந்து எங்களை அரித்துவந்த எண்ணத்தையே இங்கே எழுதுகிறோம். நாங்கள் அவருக்குச் சொன்னது அறிவுரைதானா? கையில் இருந்த செய்தியைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டு, அதற்கு அறம் என்று பெயர் சூட்டிக்கொண்டோமா?

'சிபாரிசு' என்ற சொல்லுக்கு நம்மிடையே நல்ல பெயர் இல்லை. பாரசீகத்திலிருந்து வந்த அந்தச் சொல்லைக் கேட்டவுடன், தகுதியுள்ளவனை வாசலில் நிறுத்திவிட்டுப் பின்கட்டு வழியாக நுழையும் ஒருவனின் உருவமே மனக்கண்ணில் எழுகிறது. அந்த வெறுப்புக்கு நியாயமும் உண்டு. அரசுப் பணி என்பது ஒரு காலத்தில் வேண்டியவர்க்கு வழங்கப்படும் கொடையாக இருந்தது. அதை மாற்றித் தேர்வின் வழியே ஆள் எடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 1854-இல் நார்த்கோட், ட்ரெவெல்யன் என்ற இருவர் அறிக்கை அளித்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தம் உற்றார்க்கும் நண்பர்க்கும் பங்கிட்டு வந்த இந்தியக் குடிமைப் பணி இடங்கள் 1855 முதல் போட்டித் தேர்வுக்கு வந்தன. நம் சென்னை மாகாணத்தில் 1929-இல் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. இன்றும் கிராமத்து நூலகங்களில் வழிகாட்டிப் புத்தகங்களுக்குள் தலைகவிழ்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, யாருடைய தயவும் இல்லாமல் முன்னேற ஒரு வாசல் உண்டென்றால், அது இந்தத் தேர்வு முறை திறந்துவைத்த வாசலே. மதிப்பெண் பட்டியலை நம் மக்கள் தெய்வச் சான்று போலப் பூசையறையில் வைப்பது காரணமின்றி அன்று.

ஆயினும் அந்த வாசல் குறுகியது. படித்து வெளிவருவோரில் பெரும்பாலோர்க்கு வாழ்வு தனியார் துறையில்தான். அங்கே வேலை எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். ஒருவர் பணியை விட்டு விலகுகிறார். அல்லது புதிய ஒப்பந்தம் ஒன்று கிடைக்கிறது. ஆள் தேவை என்பது முதலில் அந்தப் பிரிவின் மேலாளருக்குத் தெரியும். அடுத்து அவருடன் தேநீர் அருந்துவோர்க்குத் தெரியும். அதன் பின்னரே அது மனிதவளத் துறைக்குச் சென்று, விளம்பரமாக வெளிவருகிறது, வராமலும் போகிறது. விளம்பரம் வந்துவிட்டால் விண்ணப்பங்கள் குவிகின்றன. எல்லோரிடமும் அதே பட்டம். ஏறத்தாழ அதே மதிப்பெண்கள். ஒரே அச்சில் வார்த்தெடுத்த தன்விவரக் குறிப்புகள். முதல் சல்லடையைக் கணினியே போட்டுவிடுகிறது. இந்த நிலையில், "இந்தப் பையனை எனக்குத் தெரியும், பொறுப்பானவன்" என்று உள்ளிருந்து ஒருவர் சொல்லும் ஒரு வாக்கியம், தாளில் உள்ள பத்து வரிகளைவிடக் கனமாகிவிடுகிறது. பல நிறுவனங்கள் இதையே முறையான ஏற்பாடாக்கி, நல்ல ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஊழியர்க்கு ஊக்கத்தொகையும் கொடுக்கின்றன.

இதைத் தடுக்க அரசு முயலாமலும் இல்லை. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. ஆனால் அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்தே நரைகண்ட தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது.

பட்டத்தால் என்ன பயன் என்று கேட்க வரவில்லை. பட்டம் இல்லாவிட்டால் வரிசையிலேயே நிற்க இயலாது. ஆனால் பட்டம், 'இவன் தகுதி உடையவன்' என்று மட்டுமே சொல்கிறது. 'இன்ன இடத்தில், இன்ன நாளில் உன் தகுதிக்கு வேலை இருக்கிறது' என்பதை ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த மனிதர் யார்? மாமனா, சித்தப்பனா, நெருங்கிய தோழனா? இதில்தான் வியப்புக்குரிய உண்மை ஒன்று இருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறிய படித்த பணியாளர்களைச் சந்தித்து, எப்படி வேலை கிடைத்தது என்று கேட்டார். அறிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரிடம், "அந்த நபரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்றும் வினவினார். அடிக்கடி என்றவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்கூட இல்லை. எப்போதாவது என்றவர்கள் ஏறத்தாழ 56 விழுக்காடு. மிக அரிதாக, ஆண்டுக்கு ஒருமுறையோ அதனினும் குறைவாகவோ என்றவர்கள் ஏறத்தாழ 28 விழுக்காடு. 1973-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மெல்லிய உறவுகளுக்கு இருக்கும் வலிமையைச் சமூகவியலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்றாக்கியது.

காரணம் எளியது. நம் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். அவர் உலவும் தெருவிலேயே நாமும் உலவுகிறோம். பழைய வகுப்புத் தோழனோ, ரயிலில் அறிமுகமானவரோ, என்றோ ஒரு திருமண வீட்டில் பந்தியில் அருகே அமர்ந்தவரோ வேறொரு உலகத்தில் வாழ்கிறார். அந்த உலகத்துச் செய்தி அவர் வழியாக மட்டுமே நம்மை எட்டும். 2022-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, லிங்க்டின் தளத்தில் ஐந்தாண்டுகளில் இரண்டு கோடிப் பேரிடையே நடத்திய சோதனைகளைக் கொண்டு இதை மீண்டும் உரைத்துப் பார்த்தது. மிக நெருக்கமும் இல்லாமல், முற்றிலும் அந்நியமும் இல்லாமல், இடைப்பட்டு நிற்கும் மெல்லிய தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு மிகுதியும் துணைசெய்தன என்று அது கண்டது.

அமெரிக்காவை விட்டு நம் கும்பகோணத்துக்கு வருவோம். 1880-ஆம் ஆண்டு. அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் பணியிலிருந்து விலகும் காலம். தம் இடத்துக்குத் தகுதியானவர் யார் என்று எண்ணிய அவர், திருவாவடுதுறை ஆதீனத்தில் இருந்த இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரைத் தேடிச் சென்றார். இருவரும் வேறு வேறு காலத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்கள். இளைஞருக்குக் கல்லூரிப் பட்டம் ஏதும் இல்லை. அவரைப் பிரிய மனமில்லாதிருந்த சுப்பிரமணிய தேசிகரையும் செட்டியார் இசையச் செய்தார். கல்லூரி ஆசிரியர்கள் முன்னிலையில் இளைஞரின் புலமை சோதிக்கப்பட்டது. அதன் பின்னரே பணி கிடைத்தது. அந்த இளைஞர் உ.வே.சாமிநாதையர்.

கதை அத்தோடு முடியவில்லை. அதே ஆண்டில் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சென்று கண்டார் ஐயர். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கலம்பகங்களையும் அடுக்கிச் சொன்னார். முதலியார் அசையவில்லை, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். உறவினரும் அல்லர், ஆசிரியரும் அல்லர், அன்றுதான் அறிமுகமான ஓர் அதிகாரி. அந்த ஒரு கேள்வி ஐயரின் வாழ்க்கையைத் திருப்பியது. 1887-இல் சீவக சிந்தாமணியும் 1889-இல் பத்துப்பாட்டும் அவர் பதிப்பாக வெளிவந்தன. செட்டியார் திருவாவடுதுறைக்குப் போகாமல் இருந்திருந்தால்? முன்சீபைச் சென்று காண்பது காரியம் சாதிக்கும் வேலை என்று ஐயர் ஒதுங்கியிருந்தால்?

அதே கும்பகோணம் கல்லூரியில் கணிதம் தவிர மற்றவற்றில் மனம் செல்லாமல் உதவித்தொகையை இழந்தவர் இராமானுஜன். எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவே இல்லை. 1910-இல் தம் நோட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு, திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி.இராமசுவாமி ஐயரிடம் சென்று ஓர் எழுத்தர் வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் அவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், இந்த மேதையை வருவாய்த் துறையின் அடிப்படியில் போட்டு நசுக்க மனமின்றி, சென்னையில் இருந்த தம் கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். அங்கே சேஷு ஐயர். அவர் வழியே நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ். பின்பு மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த பரிந்துரை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி மாறி, 1913 ஜனவரியில் அவருடைய கடிதம் ஹார்டியின் மேசையை அடைந்தது.

இந்த இரு வரலாறுகளிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறிமுகம் கதவைத் திறந்தது. உள்ளே நின்று பேசியது புலமை. ஐயரைக் கல்லூரி ஆசிரியர்கள் சோதித்தார்கள். இராமானுஜனின் நோட்டை ஒவ்வொருவரும் புரட்டிப் பார்த்தார்கள். தகுதியை மறைக்க வந்த சிபாரிசு அன்று அது. தகுதி கண்ணில் படுவதற்கு வந்த துணை.

இங்கே ஒரு வாசகர் எழுந்து, "எல்லாம் சரி. இராமானுஜனுக்கு உள்நாட்டில் கைகொடுத்தோர் பெரும்பாலும் அவர் பிறந்த சமூகத்தார். ஆங்கிலம் கற்ற உத்தியோகஸ்தர். அப்படிப்பட்டோர் எவரும் எட்டாத தெருவில் ஓர் இராமானுஜன் பிறந்திருந்தால்?" என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். தொடர்புகளைப் பற்றிப் பேசுவோர் பலர் தாண்டிச் செல்லும் இடம் இதுவே.

தொடர்பு என்பது வானத்திலிருந்து எல்லோர் தலையிலும் சமமாகப் பெய்யும் மழை அன்று. நம் நாட்டில் அது பெரும்பாலும் சாதியின் வாய்க்காலில் ஓடுகிறது. மும்பையின் தாதர் பகுதிக் குடும்பங்களை ஆராய்ந்து கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வெய்க்கும் 2006-இல் எழுதிய கட்டுரை இதன் மற்றொரு முகத்தையும் காட்டியது. ஆலைத் தொழிலிலும் அதுபோன்ற வேலைகளிலும் சாதித் தொடர்பு வலுவாக இருந்த குடும்பங்கள், ஆங்கிலக் கல்விக்கு மதிப்பு உயர்ந்த 1990-களிலும் தம் ஆண் பிள்ளைகளை மராத்தி வழிப் பள்ளிகளுக்கே அனுப்பின. பழைய தொடர்பு பழைய வேலையைத் தருமே என்ற நம்பிக்கை. அந்தத் தொடர்பில் பங்கில்லாத பெண் பிள்ளைகளோ ஆங்கில வழிக்கு விரைந்து நகர்ந்தார்கள். சொந்தக்காரர் பிடித்துத் தரும் வேலை சில நேரம் கையைப் பிடித்து ஏற்றும். சில நேரம் காலைப் பிடித்துக் கீழேயே நிறுத்தும்.

அப்படியானால் தொடர்புகளை ஒழித்து, விளம்பரமும் விண்ணப்பமும் மட்டும் போதும் என்று சொல்லிவிடலாமா? சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நிம்மதியையும் தரவில்லை. நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் தாங்கிய விண்ணப்பங்களுக்கு, உயர்சாதிப் பெயர் தாங்கியவற்றைவிடக் குறைவாகவே அழைப்பு வந்தது. முகமறியாத தாளும் நடுநிலை வகிக்கவில்லை. அந்தத் தாளுக்குப் பின்னால் உள்ள மனிதரை அறிந்த ஒருவர் உள்ளே இருப்பது, விளிம்பில் நிற்பவர்க்குத்தான் மற்றவரினும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அவர்களுக்குத்தான் அது வாய்ப்பதும் இல்லை.

நம் மாநிலத்தில் 'முதல் பட்டதாரி' என்று ஒரு சான்றிதழ் உண்டு. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாதிருக்க, முதன்முதலாகத் தொழிற்கல்வியில் சேரும் பிள்ளைக்கு 2010 முதல் அரசு கல்விக் கட்டணச் சலுகை அளித்து வருகிறது. போற்றத்தக்க திட்டம். அந்தத் தாளைச் சற்றே வேறு விதமாகப் படித்துப் பாருங்கள். 'இந்தப் பிள்ளையின் வீட்டில், வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லித்தர யாரும் இல்லை. நேர்காணலுக்கு எப்படிச் செல்வது என்று அறிந்தவர் இல்லை. அலுவலகத்தில் பணிபுரியும் மாமா இல்லை' என்றும் அது சான்றளிக்கிறது. கட்டணத்தை அரசு செலுத்திவிடும். மாமாவை அரசு தர முடியுமா? பெண் பிள்ளை என்றால் இன்னும் ஒரு சுவர். வேலைச் செய்திகள் பரிமாறப்படும் தேநீர்க் கடை வாசலில் அவள் நிற்பதற்கே ஊர் விடுவதில்லை.

இதற்கு நம் இலக்கியத்தில் ஒரு விடை இருக்கிறது என்பது எங்கள் துணிபு. ஐயர் பதிப்பித்த பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். திருமுருகாற்றுப்படை அடியவரை இறைவனிடம் ஆற்றுப்படுத்துவது. பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் ஆகிய நான்கும் கலைஞரை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துபவை. சூழலை எண்ணிப் பாருங்கள். பரிசில் பெற்று வளத்தோடு திரும்பும் ஒரு கலைஞன். வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞன். இருவரும் வழியில் சந்திக்கிறார்கள். சுற்றத்தார் என்ற உறவு இருவரிடையே இல்லை. கிரானோவெட்டர் சொன்ன மெல்லிய உறவு என்றுகூட இதைச் சொல்ல இயலாது. ஒரே தொழில், ஒரே பசி, ஒரே சாலை, அவ்வளவே. பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்கிறான்.

எப்படிச் சொல்கிறான்? 'போ, கிடைக்கும்' என்று கைகாட்டிவிட்டுப் போவதில்லை. எந்த நிலத்தைக் கடக்க வேண்டும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், அங்குள்ளோர் எப்படி வரவேற்பார்கள் என்று ஒவ்வொன்றாக விரிக்கிறான். மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. காட்டுப் பன்றிக்காக வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்புகள் எங்கே உறையும், பாறை எங்கே வழுக்கும் என்றெல்லாம் எச்சரிக்கிறது. பொருநராற்றுப்படை கரிகாலன் பரிசிலரை எப்படி நடத்துவான் என்று சொல்லி, போகிறவனின் அச்சத்தைப் போக்குகிறது. வழி சொன்னவன் கூடப் போய் மன்னனை நெருக்குவதில்லை, தரகும் கேட்பதில்லை. யாழை மீட்ட வேண்டியவன் போகிறவனே. கேட்டு மதிப்பிடுவது வள்ளலின் பொறுப்பு.

சிபாரிசுக்கும் ஆற்றுப்படைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னது முடிவை வளைக்கிறது. பின்னது வழியை விளக்குகிறது. வள்ளுவரும் இந்த எல்லையை நன்கு அறிந்தவர். தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்ற இரண்டு அதிகாரங்களை வைத்துவிட்டு, அவற்றின் பின்னரே சுற்றந்தழாலை வைத்தார். அன்பின் காரணமாக அறிவில்லாதவனை நம்புவது எல்லாப் பேதைமையையும் தரும் என்றும், வேலையை அறிந்து செய்து முடிக்க வல்லவனிடம் ஒப்படைக்க வேண்டுமேயன்றி, நமக்கு வேண்டியவன் என்பதற்காக ஒப்படைக்கலாகாது என்றும் எச்சரித்தார். சுற்றத்தைத் தழுவச் சொன்னவரும் அவரே. தழுவுவது வேறு, தகுதியற்றவனிடம் வேலையைக் கொடுப்பது வேறு.

வேலை தேடும் இளையோர்க்கு எங்களுக்குத் தோன்றும் சில சொற்கள். கேட்பதற்கு நாணாதீர்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் பழமொழி. ஆனால் 'வேலை இருக்கிறதா?' என்ற கேள்வி, கேட்கப்படுபவரை இக்கட்டில் நிறுத்துகிறது. வேலை கொடுக்கும் அதிகாரம் அவரிடம் பெரும்பாலும் இராது. 'இல்லை' என்று சொல்லி நகர்ந்துவிடுவார். 'உங்கள் துறையில் புதியவர்களை எப்படி எடுக்கிறார்கள்? நான் சிவில் படித்திருக்கிறேன், ஆட்டோகேட் தெரியும். இன்னும் என்ன கற்க வேண்டும்? இதைப் பற்றி வேறு யாரிடம் பேசலாம்?' என்று கேட்டுப் பாருங்கள். வழி கேட்பவனுக்கு வழி சொல்வதில் யாருக்கும் மகிழ்ச்சியே. கல்லூரியில் உங்களுக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னே படித்தவர்கள், பயிற்சிக்குச் சென்ற இடத்து மேற்பார்வையாளர், பாடம் நடத்திய ஆசிரியர், இவர்கள் எல்லோரும் உங்கள் சாலையில் எதிரே வரும் பாணர்களே. கிடைத்த பின் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள், கிடைக்காவிட்டாலும் சொல்லுங்கள். யாரையும் அறியாதவர் கடிதம் எழுதலாம். இராமானுஜன் ஹார்டிக்கு எழுதுவதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்ற இரு பேராசிரியர்களுக்கு எழுதிப் பயன் கிட்டவில்லை. மூன்றாவது கதவுதான் திறந்தது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் ஆற்றுப்படுத்துபவர் அல்லர். மலைபடுகடாம் சொல்லும் பன்றிப்பொறி அவரே. அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கட்டி ஏமாந்த பிள்ளைகளை நாம் எல்லோரும் அறிவோம்.

ஆனால் இளையோர்க்கு அறிவுரை கூறுவதற்காக மட்டும் இதை எழுத முனையவில்லை. அறிவுரை கூறித்தான் ஒரு பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பினோமே! பேச வேண்டியது நம்மிடம்; ஏதோ ஒரு வேலையில் அமர்ந்து, மாலையில் இலக்கியம் பேசும் நம் போன்றோரிடம். நமக்குத் தெரிந்த காலியிடச் செய்தியை நாம் முதலில் யாரிடம் சொல்கிறோம்? அக்காள் மகனிடம், அடுத்த வீட்டுப் பையனிடம், நம்மவரிடம். அதில் தீய எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் நாடெங்கும் எல்லோரும் அப்படியே செய்யும்போது, 'நம்மவர்' என்று யாருமே இல்லாத பிள்ளை வாசலிலேயே நின்றுபோகிறாள். ஒரு செய்தியை இன்னும் ஒருவரிடம், நம் தெருவுக்கு வெளியே உள்ள ஒருவரிடம், சொல்வதற்கு என்ன செலவு? தகுதியை நாம் மதிப்பிட வேண்டியதில்லை. அதற்கு நேர்காணல் இருக்கிறது. வழியைச் சொன்னால் போதும். ஒரு தன்விவரக் குறிப்பைப் படித்துத் திருத்திக் கொடுத்தால் போதும். 'அந்த அலுவலகத்தில் என்ன கேட்பார்கள், எப்படிப் பேச வேண்டும்' என்று அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும்.

ஆற்றுப்படையைப் பற்றி எங்கள் வட்டத்தில் எத்தனையோ கூட்டங்கள் நடந்திருக்கின்றன. உவமை நயம் பேசினோம். நில அமைப்பைப் பேசினோம். உரை வேறுபாடுகளை நள்ளிரவு வரை வாதிட்டோம். கண்ணெதிரே வழி கேட்டு ஒருவர் வந்து நின்றபோது எங்களுக்கு ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

இப்போது வருகைப் பதிவேட்டில் இரண்டு பத்திகளைக் கூடுதலாகக் கோடிட்டிருக்கிறோம். ஒன்றில், 'என்ன படித்திருக்கிறீர்கள், என்ன தேடுகிறீர்கள்'. மற்றொன்றில், 'உங்கள் பணியிடம் எது, அங்கே புதியவர்க்கு என்ன வழி'. கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கிறோம். இதுவரை ஒரு பெண்ணுக்கு நேர்காணல் அழைப்பு வந்திருக்கிறது, வேலை கிடைக்கவில்லை. பெரிதாகச் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. கைப்பேசிக் கடையில் இருக்கும் அந்த இளைஞருக்கும் மாதந்தோறும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி வருகிறோம். சென்ற மாதம் முதன்முறையாகப் பதில் எழுதியிருந்தார். தம் கடைக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறதாம். பதிவேட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.